கொள்ளும் படியும் கொடுக்கும் படியும்

பனூ முஸ்தலிக் கோத்திரத்தார் இஸ்லாத்தைத் தழுவிய பின்னர், அவர்களிடம் ஜகாத் பெற்று வருமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தூதரை அனுப்பினார்கள். தூதர் வருகிறார் என்று கேள்வியுற்ற மக்கள் அவரை எதிர்கொண்டழைக்கத் திரளாகப் புறப்பட்டு வந்தனர். அறியாமைக் காலத்தில் அவர்களுக்கும் அந்தத் தூதருக்கும் இடையே பழம்பகை ஒன்று இருந்தது. தொலைவிலே கூட்டத்தைக் கண்டதும் அவர் அஞ்சிவிட்டார். வந்த வழியே திரும்பி, அவர்கள் ஜகாத் தர மறுத்துத் தம்மைக் கொல்லவும் துணிந்தார்கள் என்று மதீனாவில் வந்து சொன்னார். படை புறப்பட வேண்டிய நிலை உருவாயிற்று. சில அறிவிப்புகளின்படி, உண்மையை விசாரித்து வருமாறு காலித் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். இரவு நேரத்தில் அவ்வூரை நெருங்கியபோது செவியில் விழுந்தது பாங்கொலி.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் அருளப்பெற்றதற்கு விரிவுரையாளர் பலர் இந்த நிகழ்ச்சியையே காரணமாகக் கூறுவர். வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் செயலில் இறங்கி, அறியாமையினால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தி நிற்கும் நிலை முஃமின்களுக்கு வரலாகாது என்பது அதன் உட்பொருள்.

இந்நிகழ்ச்சியைப் பலமுறை வாசித்திருந்தும், அதில் ஒரு நுட்பம் வெகுகாலம் எனக்குப் புலப்படவில்லை. தூதர் கண்ட கூட்டம் பொய்யன்று. கூட்டம் வந்தது மெய். திரளாக வந்ததும் மெய். அந்தக் கூட்டத்திற்கு அவர் கற்பித்துக் கொண்ட பொருள்தான் தவறு. நம் காலத்தில் பத்திரிகைகளும் மேடைகளும் நம்முன் கொண்டுவந்து கொட்டும் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் இத்தகையவையே. எண் மெய்யாக இருக்கும். எண்ணின் மீது ஏற்றிய பொருளிலேதான் பழம்பகை ஒளிந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 2004 செப்டம்பரில், 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் சமயவாரி விவரங்களை இந்திய அரசின் குடிக்கணக்குத் துறை வெளியிட்டது. 1981 முதல் 1991 வரையிலான பத்தாண்டில் 34.5 விழுக்காடாக இருந்த முஸ்லிம் மக்கள்தொகை வளர்ச்சி, அடுத்த பத்தாண்டில் 36 விழுக்காடாக உயர்ந்துவிட்டது என்று அதில் கண்டிருந்தது. இந்துக்களின் வளர்ச்சியோ 25 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைந்திருந்தது. நாடெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. நாடே கைமாறிப் போகிறது என்று சிலர் முழங்கினர். நம்மவர்களோ சிலர் நாணினர், சிலர் சினந்தனர், வேறு சிலர், வெளியே சொல்லிக் கொள்ளாவிடினும், உள்ளூர மகிழ்ந்தனர். கூட்டிக் கழித்துப் பார்த்தவர் மிகச் சிலரே.

அந்தக் கணக்கு வணிகக் குடும்பத்துப் பிள்ளைக்கு எட்டாத கணக்கன்று. 1991-இல் நாட்டில் முஸ்லிம்கள் 10 கோடியே 16 இலட்சம் பேர். 2001-இல் 13 கோடியே 82 இலட்சம் பேர். வேறுபாடு 3 கோடியே 66 இலட்சம். 10.16-க்கு 3.66 என்பது 36 விழுக்காடுதான். கூட்டலிலும் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆனால் 1991-இல் ஜம்மு காஷ்மீரில் நிலவிய கொந்தளிப்பினால் அந்த மாநிலத்தில் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. 2001-இல் நடைபெற்றது, அங்கே முஸ்லிம்கள் ஏறத்தாழ 68 இலட்சம் பேர் எனக் கணக்காயிற்று. அந்த 68 இலட்சம் பேரும் முந்திய கணக்கில் இல்லை, பிந்திய கணக்கில் இருக்கிறார்கள். ஸ்ரீநகரில் எழுபது வயதுக் கிழவர் ஒருவர் பத்தாண்டுக்குள் புதிதாகப் பிறந்தவராகிவிட்டார்! அவர்களை நீக்கிவிட்டு 13 கோடியே 14 இலட்சத்தை 10 கோடியே 16 இலட்சத்தோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 29.3 விழுக்காடு.

அதற்கு முந்திய பத்தாண்டிலும் இதே கோளாறு உண்டு. கிளர்ச்சியின் காரணமாக 1981-இல் அஸ்ஸாமில் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 1981-இல் அஸ்ஸாம் இல்லை, 1991-இல் காஷ்மீர் இல்லை. இரண்டு மாநிலங்களையும் இருபுறமும் விலக்கிப் பார்த்தால் அந்தப் பத்தாண்டின் வளர்ச்சி 34.5 அன்று, ஏறத்தாழ 33. அதாவது 33-லிருந்து 29-ஆக வளர்ச்சி இறங்கியிருக்கிறது. ஏறியது என்று நாடு பேசிக் கொண்டிருந்த அதே வேளையில் அது இறங்கிக் கொண்டிருந்தது.

பேரேடு புரட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். சென்ற ஆண்டுக் கணக்கில் ஒரு கடையின் வரவை எழுதிவிட்டு, இவ்வாண்டுக் கணக்கில் இரண்டு கடைகளின் வரவைச் சேர்த்து எழுதி, வியாபாரம் பெருகிவிட்டது என்று பங்காளியிடம் காட்டினால், முதல் பார்வையிலேயே பங்காளி, “இரண்டாவது கடை எங்கே இருந்து வந்தது?” என்று கேட்பார். நம் கல்லாக் கணக்கில் கேட்கத் தெரிந்த அந்தக் கேள்வியை நாட்டுக் கணக்கில் கேட்க நமக்குத் தோன்றவில்லை.

குடிக்கணக்குத் துறை பின்னர் இந்த வேறுபாட்டை விளக்கித் திருத்திய கணக்கையும் வெளியிட்டது. அதைக் கூறாமல் விடுவது அறமாகாது. ஆயினும் 36 என்ற எண் புறப்பட்டுப் போய்விட்டது. அதன் பின்னாலே ஓடிய 29 அதைப் பிடிக்கவே இல்லை. அடுத்த பத்தாண்டில், 2011 வரை, முஸ்லிம்களின் வளர்ச்சி 24.6 விழுக்காடாகவும் இந்துக்களின் வளர்ச்சி 16.8 விழுக்காடாகவும் மேலும் குறைந்தன. நம்முடைய வளர்ச்சி இன்னும் கூடுதலாக இருப்பது உண்மை; அதை மறைப்பதால் பயனில்லை. இரண்டும் இறங்கி வருவதும், நம்முடையது அதிக வேகத்தில் இறங்கி வருவதும் அதேயளவு உண்மை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992–93-இல் முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.4 பிள்ளைகள், 2019–21-இல் 2.4. இந்துப் பெண்களுக்கு 3.3 என்பது 1.9-ஆக ஆயிற்று. சமயங்களுக்கு இடையிலுள்ள இந்த வேறுபாட்டைவிட மாநிலங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு பெரிது: எல்லாச் சமயத்தாரையும் சேர்த்துப் பீகாரில் 3.0, தமிழகத்தில் 1.8.

எண்ணைச் சோதிக்கும் இந்தக் கலை மேலைநாட்டார் நேற்றுக் கண்டுபிடித்தது என்று கருத வேண்டாம். 1332-இல் தூனிஸ் நகரில் பிறந்து 1406-இல் கெய்ரோவில் மறைந்த இப்னு கல்தூன், 1377-இல் எழுதிய தமது ‘முகத்திமா’வின் தொடக்கத்திலேயே இதைக் கையாள்கிறார். மூஸா (அலை) அவர்கள் பாலைவனத்தில் போர்செய்யத்தக்க இஸ்ரவேலரை எண்ணிப் பார்த்தபோது ஆறு இலட்சம் பேர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலிய வரலாற்றாசிரியர் எழுதியிருந்தனர். இப்னு கல்தூன் கேட்கிறார்: அவ்வளவு பெரும்படைக்கு மிஸ்ரிலும் ஷாமிலும் உணவு ஏது? அத்தனை பேர் அணிவகுத்தால் ஒரு முனையில் நடப்பதை மறுமுனை எப்படி அறியும்? இஸ்ரவேலரினும் பன்மடங்கு பெரிய பேரரசான பாரசீகமே காதிசிய்யாவில் திரட்டிய படை ஒரு இலட்சத்து இருபதினாயிரம் என்றுதானே அறிவிக்கப்படுகிறது? யஃகூப் (அலை) அவர்களுடன் மிஸ்ருக்குள் புகுந்தவர்கள் எழுபது பேர். அவர்களுக்கும் மூஸா (அலை) அவர்களுக்கும் இடையே நான்கே தலைமுறைகள். எழுபது பேர் நான்கு தலைமுறையில் ஆறு இலட்சம் வீரர்களாவது எங்ஙனம்?

ஹதீஸ்கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தார்கள். இவர் யாரிடம் கேட்டார், அவரைச் சந்தித்தாரா, நினைவாற்றல் எத்தகையது, நாணயம் எத்தகையது என்று ஒவ்வொருவராக உரசிப் பார்த்தார்கள். அந்தப் பெருங்கலையின் நிழலில் வளர்ந்த இப்னு கல்தூன், உலகியல் செய்திகளுக்கு இன்னொரு சோதனையை முன்னே வைத்தார்: சொன்னவர் யார் என்று பார்க்குமுன், சொன்னது நடக்கக்கூடியதா என்று பார். படைகளின் தொகையையும் வரி வருவாயையும் செல்வர்களின் செலவையும் பேசும்போது மக்கள் மிகைப்படுத்தியே பேசுவர் என்றும், அலுவலக ஏடுகளை நேரில் விசாரித்தால் அவர்கள் சொன்னதில் பத்தில் ஒரு பங்கே தேறும் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அவர் காலத்தில் பத்திரிகைகள் இல்லை என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

இப்போது பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்று. 2024 மே மாதம், மக்களவைத் தேர்தல் நடந்து கொண்டிருந்த நாட்களில், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவின் ஆய்வுரை ஒன்று வெளிவந்தது. 1950-க்கும் 2015-க்கும் இடையில் இந்திய மக்கள்தொகையில் முஸ்லிம்களின் பங்கு 9.84 விழுக்காட்டிலிருந்து 14.09-ஆகவும், இந்துக்களின் பங்கு 84.68-லிருந்து 78.06-ஆகவும் மாறியது என்பது அதன் செய்தி. 9.84 என்பது 14.09 ஆனால் நூற்றுக்கு நான்கே கால் பங்கு கூடியது என்று சொல்லலாம். அல்லது 9.84-ஐ நூறாக வைத்துக் கொண்டு 43 விழுக்காடு கூடியது என்றும் சொல்லலாம். இரண்டும் கணக்கில் சரியே. ஆய்வுரையை எழுதியோர், பேசுவது ‘பங்கு’ பற்றியே என்று குறிப்பிட்டுத்தான் எழுதினர். தலைப்புச் செய்திகளுக்குச் சென்றதோ, முஸ்லிம்கள் 43 கூடினர், இந்துக்கள் 8 குறைந்தனர் என்பதே.

இதைக் கேட்ட சாமானிய மனிதர் என்ன விளங்கிக் கொள்வார்? முன்பு நூறு இந்துக்கள் இருந்த இடத்தில் இன்று தொண்ணூற்றிரண்டு பேர்தான் என்று விளங்கிக் கொள்வார். உண்மை என்ன? 1951-இல் 30 கோடியை ஒட்டியிருந்த இந்துக்கள் 2011-இல் 96 கோடிக்கும் மேல்; மும்மடங்கிற்கும் அதிகம். மேலும், பங்கின் மீது விழுக்காடு கணக்கிடும்போது சிறிய பங்கு எப்போதும் பெரிதாய்த் துள்ளும். நூற்றில் ஒருவராக இருந்த கூட்டத்தார் இருவரானால் 100 விழுக்காடு வளர்ச்சி. எதிரே தொண்ணூற்றொன்பது பேர் தொண்ணூற்றெட்டானால் 1 விழுக்காடு வீழ்ச்சி. நகர்ந்தது என்னவோ ஒரே ஒரு ஆள்தான்! 2015-இல் இந்தியாவில் கணக்கெடுப்பே நடைபெறவில்லை என்பதையும், அந்த எண் வெளிநாட்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்த மதிப்பீடு என்பதையும் தலைப்புகளில் யாரும் போடவில்லை.

இதுவரை எழுதியது எளிது. பிறர் நம்மீது எறிந்த எண்ணைச் சோதிப்பதில் நமக்கு ஒரு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. கடினமானது இனிமேல்தான்.

நீதிபதி இராஜிந்தர் சச்சார் தலைமையில் 2005-இல் அமைந்த குழு, 2006 நவம்பரில் தன் அறிக்கையை அளித்தது. முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மத்ரஸாவுக்கே போகிறார்கள் என்ற பரவலான எண்ணத்தை அது உடைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே மத்ரஸாவில் பயின்றனர். மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த நம்மவர் ஐ.ஏ.எஸ். பதவிகளில் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ். பதவிகளில் 4 விழுக்காடு என்றும் அது காட்டியது. அவ்வறிக்கை வந்த பின் நம்முடைய மேடைகளிலெல்லாம் ஒரு வாக்கியம் ஒலித்தது: “தாழ்த்தப்பட்ட மக்களைவிடவும் கீழான நிலையில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள் என்று சச்சார் குழுவே கூறிவிட்டது!”

நானும் அதை முழங்கியிருக்கிறேன். எங்கள் பகுதியில் நடந்த கல்வி விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில், கைதட்டல் எழும் இடம் பார்த்து அதைச் சொன்னேன், கைதட்டலும் எழுந்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி, தன் வாப்பாவின் பக்கத்தில் நின்றபடியே, “மாமா, அது அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டாள். அவள் குரலில் எகத்தாளம் இல்லை. குறித்துக் கொள்ளவே கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் அம்மா என்றேன். அறிக்கையை நான் அதுவரை திறந்ததே இல்லை.

திறந்து பார்த்தேன். பெரும்பாலான அளவுகளில் முஸ்லிம்கள் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரைவிடச் சற்று மேலேயும், பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குக் கீழேயும் இருக்கிறார்கள் என்பதே அறிக்கையின் முடிவு. வறுமையில் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் சேர்ந்து 35 விழுக்காடு, முஸ்லிம்கள் 31, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 21, ஏனைய இந்துக்கள் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நகர்ப்புற வறுமையை மட்டும் தனியே எடுத்தால் நாம் 38, அவர்கள் 36. ஆக, நகரத்து வறுமைக்குப் பொருந்தியதை நான் சமுதாயம் முழுமைக்கும் சேர்த்துக் கட்டியிருந்தேன். காஷ்மீரைச் சேர்த்தெண்ணி 36 என்று சொன்னவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

அடுத்த கூட்டத்தில் இதைத் திருத்திச் சொன்னேன். மூத்தவர் ஒருவர், நான் பெரிதும் மதிப்பவர், பின்னர் என்னைத் தனியே அழைத்து வருத்தப்பட்டார். “தம்பி, அவர்கள் ஒன்றைப் பத்தாக்கிப் பேசுகிறார்கள். நாம் நம் பக்கத்து வாதத்தை நம் கையாலேயே குறைத்துக் கொள்வதா? வழக்கு மன்றத்தில் எதிரிக்குச் சாட்சி சொல்கிற வக்கீலைப் பார்த்திருக்கிறீர்களா?” என்றார். இது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. அநீதிக்கு உள்ளானவனிடம் போய், உன் புண்ணின் அளவைச் சரியாகச் சொல் என்று கேட்பது கல்நெஞ்சம் போலத்தான் தோன்றும்.

ஆனால் அல்முதஃப்பிஃபீன் என்றொரு அத்தியாயம் இருக்கிறது. வணிகம் செய்து வாழ்ந்த நம் முன்னோர் அச்சத்தோடு ஓதிய அத்தியாயம். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடு உரைப்பது. கொள்ளும் படி ஒன்று, கொடுக்கும் படி ஒன்று என்று கடையில் இரண்டு படி வைத்திருப்பவனை அது கண்டிக்கிறது. எதிர்க்கடைக்காரனும் இரண்டு படி வைத்திருக்கிறான் என்ற சமாதானம் அங்கே செல்லாது. அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆவது வசனம் சாட்சியத்தைப் பற்றிப் பேசுகையில், அது தமக்கே பாதகமானாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதியில் நிலைக்குமாறு பணிக்கிறது. வக்கீல் என்னும் உவமையே இங்குப் பொருந்தாது. நாம் நிறுத்தப்பட்டிருப்பது சாட்சிக் கூண்டில்.

இன்னொன்றும் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். நாம் தவறான எண்ணைச் சொல்லும்போது தீங்கு அடைபவர் நம் எதிரி என்றே நாம் எண்ணிக் கொள்கிறோம். என்னுடைய வாக்கியத்தால் தீங்கடைந்தவர் யார்? நம்மைவிட வறுமையில் கிடக்கும் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்கள் துன்பத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, எங்கள் துன்பம் இதனினும் பெரிது என்று நான் கூவினேன். அவர்களை யாரும் அந்த மேடைக்கு அழைத்திருக்கவும் இல்லை. பனூ முஸ்தலிக்கார்களைப் போல் அவர்கள் ஊரில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய செய்தி வேறெங்கோ சொல்லப்பட்டுக் கொண்டிருந்தது. பெரியவர் உடனே இசைந்தார் என்று சொல்ல மாட்டேன். “யோசிக்க வேண்டியதுதான்” என்றார்.

36 அன்று 29 என்று நிறுவிவிட்டு ஓய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. அப்படி வாதிடும்போதே, ஒரு முஸ்லிம் வீட்டில் குழந்தை பிறப்பது கணக்குக் காட்டி மன்னிப்புக் கேட்க வேண்டிய செயல் என்பதை நாமும் ஏற்றுக் கொண்டவர்கள் ஆகிறோம். 36-ஆகவே இருந்திருந்தாலும் அதனால் எந்தக் குடிமகனின் உரிமை குறைந்திருக்கும்? ஆதலால் எண் சரியா என்று கேட்டபின், இந்த எண்ணை நம்முன் காட்டுவோர் நம்மை எந்தக் கேள்விக்கு விடையளிக்கச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். விடை சரியாக இருந்தும் கேள்வியே கோணலாக இருக்கலாம்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றினால் தள்ளிப் போயிற்று. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025-இல் அரசு அறிவித்தது. அந்தக் கணக்கு வெளியாகும் வரை, இன்று நம்மவர் இத்தனை கோடி என்று யார் சொன்னாலும் அது மதிப்பீடே. நம் மேடையில் பெருமையாகச் சொன்னாலும், எதிர் மேடையில் அச்சுறுத்தலாகச் சொன்னாலும்.

அந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? நம் வீட்டு வாசலிலிருந்து. 1981-இல் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். வாப்பா கொழும்பில் வியாபாரத்தில் இருந்தார்கள். புகுமுக வகுப்பு முடித்திருந்த நான், வீட்டு ஆண்மகன் என்ற மிடுக்கோடு திண்ணையில் நின்று எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். உம்மாவின் பெயரை எழுதிக் கொண்டு, “எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். “தெரியாது” என்றேன். அவரும் அவ்வாறே குறித்துக் கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

எந்த மொழியிலேனும் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் எழுத்தறிவு உடையவர் என்பதுதான் கணக்கெடுப்பின் விதி என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். உம்மா அரபுத்தமிழில் கிதாபுகள் வாசிப்பார்கள். வாரந்தோறும் வாப்பாவுக்குக் கடிதமும் அரபுத்தமிழிலேயே எழுதுவார்கள். உறையின் மேல் முகவரியை மட்டும் என்னைக் கொண்டு எழுதச் சொல்வார்கள். அன்று நான் விடை சொல்லிக் கொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னால் நின்று அவர்கள் கேட்டுக் கொண்டுதான் இருந்தார்கள். ஆசிரியர் போன பிறகு அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.